சூடு இறங்கும் வரை

ஆறுமுகத்தாய் வெள்ளிக்கிழமை காலையில் செத்துப்போனாள். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், "நெஞ்ச ஒரு மாதிரி பிடிக்கு" என்றாள். நான் தண்ணி மோந்துகொண்டு திரும்புவதற்குள் சுவரோடு சாய்ந்துவிட்டாள். கீழே கிளினிக் வைத்திருக்கிற பாய் வீட்டு டாக்டர் பையன் ஏணி ஏறி வந்தான். கையைப் பிடித்துப் பார்த்தான், கண்ணில் டார்ச் அடித்தான், "சாச்சா, இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிரயோஜனம் இல்ல" என்றான். டாக்டர் சொல்வதை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அவள் கையெல்லாம் மாவாக இருந்தது. உயிர் இருந்தால் அந்தக் கையைக் கழுவாமல் அவள் ஒரு நிமிஷம் இருந்திருக்க மாட்டாள். அதனால் நம்பினேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, பிரேமலதா. பையன் இல்லாத வீட்டில் பொண்ணுதான் நீர்மாலை எடுக்க வேண்டும். ஈரச் சேலையோடு குடத்தில் தண்ணீர் பிடித்து, நாலு பேர் தலைக்கு மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, சங்கு ஊதிக்கொண்டு வந்து, அந்தத் தண்ணீரில் தாயைக் குளிப்பாட்டித்தான் எடுப்போம். ஊர்ப்பக்கம் ஆற்றில் எடுப்பார்கள். நாங்கள் பிழைக்க வந்த தாராவியில் முனிசிபாலிட்டிக் குழாய்தான். ஆறுமுகத்தாய் இதைப் பலதடவை சொல்லியிருக்கிறாள். "எனக்கு என் மவதான் தண்ணி ஊத்தணும். உங்க தம்பி மவன் குடத்தத் தொடப்பிடாது, ஆமா." தம்பி மகன் மகேஷ்குமாருக்கும் அவளுக்கும் எப்போதும் ஆகாது.

அந்த மகேஷ்குமார்தான் முதலில் வந்து நின்றான். என் கொழுந்தியா வந்தாள், சந்தே வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை பிணம் எடுப்பது எங்கள் சனத்துக்கு ஆகாது. மே மாத வெயில் வேறு, மேலே தகரம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லி விட்டார்கள். நாலு மணிக்கு நீர்மாலை, உடனே எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது.

"பெரியப்பா, லதாவுக்குப் போன் போவல" என்றான் மகேஷ்குமார். "வேல பாக்குற எடத்துல போன கேட்லயே வாங்கி வச்சிக்கிடுவானுவளாம்லா? ஆபீஸ் நம்பர்ல கூப்பிட்டுச் சொல்லிரட்டா?"

"வாய மூடுல. போன்ல சொல்லுத விஷயமா இது?"

"அப்ப நான் பைக்ல போயி கூட்டியாரேன்."

"ஒன் வாய் ஓட்ட வாய். நான் போறேன்."

சாவை வீட்டுக்கு வெளியே வைத்துச் சொல்லிவிட மாட்டோம். தந்தி அடித்த காலத்திலேயே 'சீரியஸ், உடனே புறப்படு' என்றுதான் அடிப்பார்கள். புறப்பட்டு வருகிறவன் சந்து முனையில் கிடக்கிற செருப்பையும் சாமியானாவையும் பார்த்துத் தானாகத் தெரிந்துகொள்வான். வழியில் ரயிலிலும் ரோட்டிலும் விழுந்துவிடக் கூடாது பாருங்கள். என் அப்பா செத்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ரெண்டு ராத்திரி ரயிலில் வந்தேன், நம்பிக்கொண்டுதான் வந்தேன்.

ஆட்டோ பிடித்து சயான் தாண்டிச் செம்பூர் போனேன். லதா வேலை பார்க்கிற ஆராய்ச்சிக் கூடம் அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் அதற்கு முன்பு ஒருதடவை கூட அங்கே போனதில்லை. போகப் பிடிக்கவில்லை. "வைரம் வளக்கேன்" என்று அவள் முதல்முதலாக வந்து சொன்னபோது, "எவனோ ஒன்ன ஏமாத்துதான்ளா" என்றேன். நான் படித்தது மூணாங்கிளாஸ். தோல் கிடங்கில் மூட்டை தூக்கினவன். வைரம் மண்ணுக்குள்ளே கிடக்கும், சேட்டு வீட்டில் கிடக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வளரும் என்று சொல்பவனை நான் எதற்கு நம்ப வேண்டும்?

கேட்டில் நாணு என்ற மலையாளி வாட்ச்மேன். என் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டான்.

"பிரேமலதாவோட அப்பாவா? பொண்ணு நல்ல பொண்ணாணு. தெனம் எனக்குச் சாயா வாங்கித் தரும்" என்றான். "என்னா விஷயம்?"

"வீட்டுல சீரியஸ்."

"யாருக்கு?"

"சீரியஸ்னு சொல்லு போதும்."

உள்ளே கூட்டிக்கொண்டு போனான். பெரிய ஹால். சுவரோரம் ஆள் உயரத்துக்கு கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு இரும்புப் பானை மாதிரி மிஷின், சுற்றிலும் தண்ணிக் குழாய்கள், பக்கத்தில் சிவப்பில் ஓடுகிற நம்பர்கள். லதா அதன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முந்தாநாளிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த டிபன் டப்பா காலியாகப் பக்கத்தில் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் அப்படி மலர்ந்தது. "எப்பா! நீங்களா? அம்மா ஒருவழியா தள்ளி விட்டுட்டாளா?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? "அம்மாவுக்கு முடியலளா. சீரியஸ். வா" என்றேன்.

முகத்தில் இருந்தது போய்விட்டது. பிறகு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "மெய்யாவே முடியலயா, இல்ல முலுண்டு மாப்பிள வந்திருக்கானா?"

அது ஒரு கதை. போன வருஷம் முலுண்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். கூப்பிட்டால் இவள் வர மாட்டாள். அதனால் அம்மாவுக்கு சீரியஸ் என்று ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணச் சொன்னேன். செருப்புக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வந்தால் கேசரி தட்டோடு ஆறுமுகத்தாய் நிற்கிறாள். அதற்கப்புறம் வீட்டை அளக்க சர்வேக்காரர்கள் வந்தபோது எல்லா ஆளும் இருக்க வேண்டும் என்றார்கள். அப்போதும் அம்மா விழுந்துட்டா என்று சொல்லித்தான் வரவழைத்தேன். அன்றைக்கு அவள் கத்தவில்லை. "இனிமே அம்மா பேர வச்சு என்னக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"மாப்பிள்ளையும் இல்ல ஒருத்தனும் இல்ல. மெய்யாத்தான்" என்றேன்.

"அம்மா மேல சத்தியமா?"

செத்தவள் மேல் எப்படிச் சத்தியம் பண்ண? "சத்தியம்லாம் எதுக்குளா, வான்னா வா" என்றேன்.

லேசாகச் சிரித்தாள். "பாத்தீங்களா. ஒங்களால முடியாதுன்னு தெரியும்." உட்கார்ந்துவிட்டாள். "சுகர் ஏறியிருக்கும். சித்தி பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"மாத்திர குடுத்தாச்சா?"

"ம்."

அந்த "ம்" அங்கே நான் சொன்ன முழுப் பொய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் கேஸ். ஏதோ ஒரு சிலிண்டரில் சிவப்புப் பெயிண்ட் அடித்து மண்டையோடு ஒட்டியிருந்தது. இவள் மயங்கி அந்தத் திருகில் விழுந்தால் என்ன ஆகும்? வெளியே கூட்டிக்கொண்டு போய், ஆட்டோவில் ஏற்றி, சந்து முனைக்குப் போய்விட்டால் போதும் என்று இருந்தேன்.

அவள் கொஞ்ச நேரம் நம்பர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மனசு கேக்கல" என்றாள். "இது நாளைக்குக் காலைல வரைக்கும் வளரணும். பரவால்ல, இத்தோட போதும்னு இறக்கிடுதேன். ஒங்க கூடவே வாரேன். ஆனா மெதுவாத்தான் இறக்கணும்ப்பா."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். கொஞ்சம் கூட ஆவலாம்."

கணக்குப் பார்த்தேன். அப்போது பதினொன்று தாண்டியிருந்தது. ரெண்டரைக்குக் கிளம்பினாலும் நீர்மாலைக்குப் போய்விடலாம். சரி என்று உட்கார்ந்தேன். வேறு யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டதற்கு, வெங்கடராமன் சாருக்குத்தான் இந்தப் பழைய மிஷின் பழக்கம், அவர் வீட்டில் இன்றைக்குப் பேரனுக்குப் பூணூல், மாட்டுங்காவில் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருப்பார், "சுகருக்காக அவரக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். இவளுக்கு மேலே இருக்கிற பெரிய ஆள் அவர்.

ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பினாள். நம்பர் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தது.

"இங்க வந்து பாருங்க."

மிஷினில் உள்ளங்கை அளவு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு வெளிச்ச உருண்டை, ஆடாமல் அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. அடியில் சின்ன வட்டத் தகடு, அடுப்புத் தணல் நிறத்தில்.

"வைரம் எங்க?"

"அந்தத் தகடு மேலதான். தோல் மாதிரி படிஞ்சிருக்கும். நம்ம தலமுடியவிட மெல்லிசு."

"இத வச்சு மோதிரம்கூட பண்ண முடியாதேளா."

"மோதிரத்துக்கு இல்ல. போனு, கம்ப்யூட்டர் உள்ள இருக்க சின்னச் சின்ன சாமானெல்லாம் சூடாகி வீணாப் போகுது. அது அடியில இத வச்சா சூட்ட இழுத்துக்கிட்டுப் போயிரும். வைரம் மாதிரி சூட்டக் கடத்துறது வேற எதுவும் இல்ல."

அவளாகவே பேசினாள். அவ்வளவு நாள் நான் கேட்காமல் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது போல.

"எண்ண காயாம முறுக்கு போட்டா என்னப்பா ஆவும்?"

"எண்ணயக் குடிச்சிக்கிட்டு சவசவன்னு கெடக்கும்."

"ரொம்பக் காஞ்சா?"

"கருகும்."

"அவ்வளவுதான் இதுவும். உள்ள விடுற கேஸ்ல இருக்கது கரிதான். சூடு பத்தலன்னா அது புழுதி மாதிரி படியும், வளரவும் வளராது. கூடிட்டா பென்சில் கரியா மாறிரும். நடுவுல ஒரு சூடு, எண்ணூறு டிகிரி சுமாருக்கு. அதுல ஆடாம நின்னா வைரமாக் கட்டும். அம்மாட்ட ஒரு தடவதான் சொன்னேன். 'பாகுப்பதம் மாதிரியா?'ன்னா. அதேதான்னேன்."

"இதுக்கா இத்தன வருஷம் படிச்ச? ஒங்கம்மா படிக்காமலே பண்ணுதா."

பண்ணுதா என்று சொன்னேன். வாயில் அப்படித்தான் வந்தது. அவள் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இத மட்டும் ஏன் மெதுவா இறக்கணும்? அடுப்ப அமத்துன மாதிரி அமத்த வேண்டியதுதான?"

"போன தடவ அப்படித்தான் ஆச்சு. கரண்டு போயி பட்டுனு ஆறிட்டு. சூட்டுல ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். ஆறும்போது கீழ இருக்க தகடு நெறைய சுருங்கும். வைரம் அவ்வளவு சுருங்காது. ஒண்ணு இழுக்கும், ஒண்ணு வராது. பழைய சுவர்ல சுண்ணாம்பு உரியுமே, அப்படிப் பேந்து வந்துட்டு. அதுக்கு முந்துனது சூடு கூடிக் கரி. இது மூணாவது. இதுக்கப்புறம் மிஷின வேற ஆளுங்களுக்குக் குடுத்துருவாங்க, எனக்குத் திரும்பக் கெடைக்காது. இது ஒட்டி நின்னாத்தான் என் பிஎச்.டி. படிப்பு முடியும்."

நம்பர் எழுநூறுக்குக் கீழே வந்தது. தணல் நிறம் மங்கிச் செங்கல் நிறமானது. அவள் ஒரு திருகைத் தொடுவாள், தண்ணிக் குழாயைப் பார்ப்பாள், காத்திருப்பாள். நடுவில் ஒருதரம், "அம்மா ஏதாச்சும் சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். அது பொய் இல்லை.

ரெண்டரை ஆனது. நம்பர் ஐந்நூறில்தான் நின்றது. வெளியே வெயில் காய்கிறது, ஏதோ குளிர் தண்ணி மோட்டார் சரியாக இழுக்கவில்லை, அதனால் இன்னும் மெதுவாகப் போகிறாளாம். நான் எழுந்தேன். "போதும்ளா, வா" என்றேன். "இன்னும் கொஞ்சம்பா, முந்நூறு வந்துட்டா பயமில்ல" என்றாள். "வான்னு சொல்லுதேம்லா!" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். "என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க? எவன் வந்து உக்காந்திருக்கான் வீட்டுல?"

நான் வாயைத் திறந்தேன். மெய்யாகவே திறந்தேன். அதற்குள் கதவு திறந்தது.

நாணு நின்றுகொண்டிருந்தான். கையில் என் போன். அது அடித்துக்கொண்டே இருந்ததாம். ஏதோ அவசரம் என்று எடுத்திருக்கிறான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"மோளே... அம்மா காலைலயே போயிட்டாங்களாம். எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்களாம்."

லதா அவனைப் பார்த்தாள். பிறகு என்னை.

"காலைலயா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க இங்க வரும்போதேவா?"

"வீட்டுக்கு வந்து தெரிஞ்சுக்கிடட்டும்னு..."

"நான் ஒங்ககூட உக்காந்து முறுக்கு கத பேசிக்கிட்டு இருந்தேன்ப்பா" என்றாள்.

மிஷின் பக்கம் திரும்பினாள். நம்பரை ஒருதரம் பார்த்தாள். மூணு திருகையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடினாள். பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தாள். ஜன்னலில் ஊதா வெளிச்சம் பட்டென்று அணைந்தது. அதன்பிறகு அவள் அங்கே திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் செம்பூர் நாக்கா சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு தண்ணி டேங்கர் பிரேக்டவுன். ஆட்டோக்காரனிடம் அவள் இந்தியில் கெஞ்சினாள், "பய்யா, மா குஸர் கயீ" என்றாள். அம்மா செத்துப்போனாள் என்று ஒரு ஆட்டோக்காரனிடம் அவள் நேரடியாகச் சொல்லிவிட்டாள். அவன் நடைபாதையில் ஏற்றி ஓட்டிப் பார்த்தான், முடியவில்லை.

சயான் வரும்போது என்னிடம் கேட்டாள். "வலிச்சுதா அம்மாவுக்கு?"

"இல்ல. ஒரு நொடிதான்."

"மெய்யா?"

"மெய்யாத்தான்ளா."

வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதை அவள் நம்பவில்லை. அது மெய்தான்.

சந்து முனைக்குப் போனபோது குழாயடி ஈரமாகக் கிடந்தது, சங்குச் சத்தம் இல்லை. மகேஷ்குமார் ஈர வேட்டியோடு வாசலில் நின்றிருந்தான்.

"எவ்வளவு நேரம் பாக்க பெரியப்பா? ஒங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுட்டு. யாரோ மலையாளத்தான் எடுக்கான். பெரியவுங்க சொல்லிட்டாங்க, பொழுது போவுதுன்னு. எனக்கென்ன ஆசையா?" என்றான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

ஆறுமுகத்தாயைக் குளிப்பாட்டி, கோடிச் சேலை கட்டி, நெற்றியில் காசு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். லதா யாரிடமும் பேசாமல் மூலையில் இருந்த குடத்தை எடுத்தாள். குழாயடிக்கு நடந்தாள். துப்பட்டாவோடு தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு குடத்தை நிரப்பினாள். யாரும் வேட்டி பிடிக்கப் போகவில்லை. என் கொழுந்தியாதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் தாயி. நீர்மாலை ரெண்டு தடவ எடுக்கப்பிடாது. அவளுக்கு ஆகாது."

"நான்தான சித்தி அவளுக்கு மவ?"

"நீதான். யாரு இல்லங்கா? அரிசி போடு, வா."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டாள். உள்ளே வந்து வாய்க்கரிசி போட்டாள். பிறகு அம்மாவின் பாதத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கும்போது விரல் விரலாக எடுத்துத்தான் விடுவித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வெங்கடராமன் சார் வந்திருந்தார். வயதான மனிதர், ஏணிப்படி ஏற மூச்சு வாங்கியது. முறுக்குச் சட்டியைத் தள்ளி வைத்துப் பாய் விரித்தேன். லதா கீழே சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தகடு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"உரிஞ்சு போயிடுத்து. திறந்து பாத்தப்போ சுருண்டு கெடந்தது" என்றார். தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "ஏன் சார், அன்னிக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ? பூணூலாவது ஒண்ணாவது. அம்மா போயிட்டான்னு தெரிஞ்சா டாக்ஸி பிடிச்சுண்டு ஓடி வந்திருப்பேனே. மிஷின நான் பாத்துண்டிருப்பேன். கொழந்தை அப்பவே கிளம்பியிருப்பா" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அவர் வாயை மூட வேண்டும்போல இருந்தது. "சாப்பிட வாங்க" என்றேன்.

மறுமாசம் லதா செம்பூர்ப் பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், வேலைக்குப் பக்கமாம். சண்டை ஒன்றும் இல்லை. செலவுக்குப் பணம் அனுப்புகிறாள், என் சுகருக்கு மருந்து வாங்கி அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறாள். நான் எடுத்து, நல்லா இருக்கேன்ளா, சுகர் கம்மியாத்தான் இருக்கு, சாப்பிட்டாச்சு என்று எல்லாம் ஒப்பிப்பேன். எல்லாம் மெய்தான். முழுக்கக் கேட்டுக்கொள்வாள். கேட்டு முடித்துவிட்டு, "பக்கத்துல வேற யாராச்சும் இருக்காங்களாப்பா? அவங்ககிட்ட குடுங்க" என்பாள்.

நான் எழுந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் போனைக் கொடுப்பேன்.